நான்கு பேர், ஒரே பலகை: 1940-ன் போர் விமானங்களைச் சேர்ந்து கட்டுவது எப்படி?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். பல வருடமாக பிளாஸ்டிக் விமான மாடல் கிட் கட்டுகிறோம், ஆனால் அவரவர் இடத்தில், அவரவர் விருப்பத்துக்கு. இந்த முறை 1940-ல் நடந்த பிரிட்டன் வான்போரை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு விமானம் கட்டி, எல்லாவற்றையும் ஒரே பலகையில் வைக்கலாம் என்றிருக்கிறோம். எந்த ஸ்கேல் (அசலுக்கும் மாடலுக்கும் உள்ள அளவு விகிதம்) சரி? வேலையை எப்படிப் பிரிப்பது? முன்பு இரண்டு பேர் சேர்ந்து செய்தபோது இருவரின் பச்சையும் ஒத்துப்போகவில்லை. டெக்கால் என்ற ஒட்டுச் சின்னப் படலத்துக்கு அடியில் வெள்ளிப் பூச்சு போல மினுக்குவதும் நிற்கவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: முதலில் நால்வரும் உட்கார்ந்து ஒரு தேதியை முடிவு செய்யுங்கள். ஸ்கேல், கிட், பெயிண்ட் எல்லாம் அப்புறம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டன் வான்போர் என்று பொதுவாகச் சொல்லும் காலம் 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை, நான்கு மாதம்கூட இல்லை. அதற்குள்ளும், அதற்குச் சற்று முன்னும் பின்னும், விமானங்களின் தோற்றம் மாறிக்கொண்டே இருந்தது. பிரிட்டிஷ் சண்டை விமானங்களின் அடிப்பக்கம் ஜூன் வரை பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அதன்பின் 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை வந்தது. விமான உடலில் உள்ள ரவுண்டல் என்ற வட்டச் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் வந்தது அந்த ஆண்டு மே மாதத்தில். வால் பக்கம் உடலைச் சுற்றி ஸ்கை நிறப் பட்டையும், அதே நிறத்தில் புரொப்பெல்லரின் நடுக் கூம்பான ஸ்பின்னரும் வந்தது நவம்பர் கடைசியில், அதாவது வான்போர் முடிந்த பிறகு. வான்போர் மாடல் என்று பெயர் போட்டு அந்தப் பட்டையையும் வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். தனியாக இருக்கும் மாடலில் அது கண்ணில் படாமல் போகலாம். நான்கு விமானம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒன்று மட்டும் வேறு காலத்தைச் சேர்ந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

எதிர்த் தரப்பான ஜெர்மனியிடமும் இதே கதைதான். ஸ்டூகா குண்டுவீச்சு விமானம் உங்களில் ஒருவருக்குப் பிடித்திருக்கலாம். ஆனால் ஆகஸ்ட் 18 அன்று பட்ட பலத்த இழப்புக்குப் பிறகு ஸ்டூகாக்களை இந்தப் போரிலிருந்து பெரும்பாலும் விலக்கிவிட்டார்கள். ஆக, ஆகஸ்ட் 18 என்று வைத்தால் ஸ்டூகா வரும். செப்டம்பர் 15 என்று வைத்தால் அதற்கு இடமில்லை, ஹெய்ன்கல் 111 அல்லது டோர்னியர் 17 எடுக்க வேண்டும். எனக்குப் பிடித்த தேர்வு செப்டம்பர் 15-ஐ ஒட்டிய வாரங்கள்: ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 1, ஒரு ஹரிக்கேன் மார்க் 1, ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109இ, ஒரு ஹெய்ன்கல் 111. கிட் எடுக்கும்போது பெட்டியில் ஸ்பிட்ஃபயர் என்று இருப்பதை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். மார்க் 5 என்ற பிந்தைய பதிப்பு அடுத்த ஆண்டுதான் வந்தது.

அடுத்து, விமானத்தின் வகையோடு நிற்காமல் ஒரு தனி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். வரிசை எண், படைப்பிரிவு எழுத்து, முடிந்தால் புகைப்படம். மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு நல்ல உதாரணம் ஃபிரான்ஸ் ஃபான் வெர்ரா என்ற ஜெர்மன் விமானியின் 109இ-4. செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வயிற்றால் தரையிறங்கியது. பிரிட்டிஷார் கைக்கு முழுசாகக் கிடைத்ததால் அதற்குப் படங்கள் நிறைய உண்டு. லண்டன் ஹெண்டனில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், 109இ மூன்றும் அசலாகவே இருக்கின்றன. அவற்றின் படங்கள் வடிவத்துக்கும் சக்கரக் குழிக்கும் விமானி அமரும் காக்பிட்டுக்கும் மிக நல்ல சான்று. நிறத்துக்கு மட்டும் அவற்றை முழுதாக நம்ப வேண்டாம், பழைய விமானங்களுக்குப் பின்னாளில் மறுபூச்சு நடந்திருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோக்ரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை வாங்காது, மஞ்சளையும் குறைவாகத்தான் வாங்கும். அதனால் ரவுண்டலின் மஞ்சள் வளையம் அந்தப் படங்களில் கருமையாக, சில சமயம் இல்லாதது போலவே தெரியும். அதைப் பார்த்து வளையத்தை விட்டுவிடாதீர்கள்.

சரி, ஸ்கேல். உங்கள் பட்டியலில் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் இருந்தால் 1/72 எடுங்கள். இந்த அளவில் ஆறடி மனிதர் ஒரு அங்குலம் ஆகிறார். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் 11.23 மீட்டர், 1/72-ல் 156 மி.மீ. ஹரிக்கேன் 169, மெஸ்ஸர்ஷ்மிட் 137, ஹெய்ன்கல் 314 மி.மீ. சண்டை விமானங்கள் மூன்றும் முன்வரிசையிலும் ஹெய்ன்கல் பின்னாலும் நின்றால் 60க்கு 45 செ.மீ. பலகை போதும். இதையே 1/48-ல் செய்தால் ஹெய்ன்கல் மட்டுமே 47 செ.மீ. அகலம், பலகை கிட்டத்தட்ட ஒரு மீட்டராகிவிடும். குண்டுவீச்சு விமானம் வேண்டாம், நான்கும் சண்டை விமானங்கள்தான் என்றால் 1/48 எடுங்கள், காக்பிட் வேலை செய்ய அதில் தனி சுகம். இரண்டு ஸ்கேலைக் கலப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கிட்டின் வயதும் ஒத்துப்போக வேண்டும். பழைய அச்சுகளில், தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் மேலே புடைத்திருக்கும், புதியவற்றில் உள்ளே குழிந்திருக்கும். குழிந்த கோட்டில் வாஷ் என்ற நீர்த்த பெயிண்ட் நிற்கும், புடைத்ததில் நிற்காது. நான்கில் ஒன்று மட்டும் பழைய அச்சாக இருந்தால் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அது தனித்துத் தெரியும்.

வேலைப் பிரிப்பைப் பற்றி: ஒருவர் காக்பிட், ஒருவர் ஒட்டுவது, ஒருவர் பெயிண்ட் என்று தொழிற்சாலை போலப் பிரிக்காதீர்கள். விமானம் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக இருக்கட்டும், முதல் துண்டிலிருந்து கடைசி வார்னிஷ் வரை. பொதுவாக்க வேண்டியவை தகவல், பெயிண்ட், வார்னிஷ், சரிபார்க்கும் கண். ஒருவர் கட்டியதை இன்னொருவர் முன்னிருந்து பார்த்தாலே இரு இறக்கையும் சம கோணத்தில் ஏறுகின்றனவா, வாலின் கிடைத்துடுப்பு சாய்ந்திருக்கிறதா என்பது ஒரு நொடியில் தெரியும். கட்டியவரின் கண் அந்தச் சாய்வுக்குப் பழகிப் போயிருக்கும். ஆகவே பசை முழுதாக இறுகும் முன், அதிகபட்சம் முதல் சில மணி நேரத்துக்குள், அந்தப் பார்வை நடக்க வேண்டும்.

ஒட்டுவதில் உங்களுக்குப் பழக்கம் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மெல்லிய திரவ சிமெண்ட் பாலிஸ்டைரீனையே கரைத்து இணைப்பது. இணைப்பில் லேசாக அழுத்திப் பிடித்தால் உருகிய பிளாஸ்டிக் ஒரு வரியாகப் பிதுங்கும். மறுநாள் அதைத் தேய்த்துவிட்டால் பிளவுக்கு புட்டி தேவைப்படாது. கண்ணாடிப் பாகங்களுக்கு சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டால் காக்பிட்டை மூடும் கனோபி வெண்மையாக மங்கிவிடும். வெள்ளை பிவிஏ பசை போதும். காக்பிட் உள்ளே பிரிட்டிஷ் விமானங்களுக்கு சாம்பல் பச்சை. மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு ஜெர்மன் நிறப் பட்டியலில் 02 என்ற எண்ணுள்ள சாம்பல். கருஞ்சாம்பலான 66 பின்னால் வந்தது, கிட்டின் வழிகாட்டித் தாள் அதைச் சொன்னாலும் 1940-க்குப் பொருந்தாது.

இனி உங்கள் பச்சைப் பிரச்சினை. ஒரே பெயர் போட்ட 'டார்க் கிரீன்' கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது அடியில் இருக்கும் பிரைமர் என்ற முதல் பூச்சு. அதே பெயிண்ட் வெள்ளைப் பிரைமர் மேல் ஒரு மாதிரியும், கருஞ்சாம்பல் பிரைமர் மேல் வேறு மாதிரியும் தெரியும், குறிப்பாகக் காற்றழுத்தத்தால் தூவும் ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சாக அடிக்கும்போது. மேலே அடிக்கும் வார்னிஷும் அப்படித்தான்: பளபளப்பு நிறத்தை ஆழமாக்கும், மேட் அதை வெளிறச் செய்யும். இருவரின் பச்சை ஒத்துப்போகாததற்கு இவை எல்லாம் சேர்ந்தே காரணமாக இருந்திருக்கும்.

ஆகவே பிரிட்டிஷ் விமானங்களின் மூன்று முக்கிய நிறங்களையும், டார்க் எர்த், டார்க் கிரீன், ஸ்கை, ஒருவரே ஒரே தடவையில் கலந்து, நிறத்துக்கு ஒரு பாட்டிலாக வைக்கட்டும். பிரிட்டிஷ் நிறத் தர எண்களில் இவை வரிசையாக 450, 641, 210. நிற அட்டை கிடைத்தால் பகல் வெளிச்சத்தில் அதோடு ஒப்பிடுங்கள். தின்னர் சேர்க்காமல் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தின்னர் கலந்த அக்ரிலிக் நீண்ட நாள் இருந்தால் கெட்டுப்போகக்கூடும். அடிக்கும் நேரத்தில் பால் பதத்துக்கு இளக்கி, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்தால் போதும். முதலில் நால்வரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்பூனில் பிரைமர், பெயிண்ட், வார்னிஷ் எல்லாம் அடித்து, காய்ந்தபின் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்பூன்கள் ஒத்துப்போனால் விமானங்களும் ஒத்துப்போகும். இன்னும் நல்லது, பெயிண்ட் அடிக்கும் நாளை ஒரே நாளாக வைத்து நால்வரும் ஒரே இடத்தில் அடிப்பது.

சின்ன அளவுக்காக நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிறச் செய்ய வேண்டுமா என்ற விவாதம் மாடல் கட்டுபவர்களிடையே ஓயாது. எனக்கு 1/72-ல் லேசாகக் கலப்பது பிடிக்கும். உங்களுக்கு அதைவிட முக்கியம், நால்வரும் ஒன்று போலச் செய்வது.

பழுப்பு பச்சைக் கோலத்தில் ஓர் அழகான நுணுக்கம் இருக்கிறது. அப்போது ஏ, பி என்று இரண்டு கோலங்கள், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். தொழிற்சாலையிலிருந்து வரும் விமானங்களுக்கு மாறி மாறிப் பூசினார்கள். ஸ்பிட்ஃபயரையும் ஹரிக்கேனையும் இரண்டு விதமாகச் செய்தால் பலகைக்கே உயிர் வரும், ஆனால் நீங்கள் தேர்ந்த தனி விமானத்தின் படம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். இரு நிறமும் சந்திக்கும் விளிம்பு அசலில் ஓர் அங்குலம் மங்கலாக இருந்ததாக வைத்துக்கொண்டாலும் 1/72-ல் அது 0.35 மி.மீ. தான். ஆகவே கையால் மெதுவாக மங்கச் செய்வதைவிட, பிறகு உரித்து எடுத்துவிடக்கூடிய ஒட்டும் புட்டியை மெல்லிய திரியாக உருட்டி எல்லையில் வைத்து, நேர் மேலிருந்து அடிப்பது அசலுக்கு நெருக்கமாக வரும்.

டெக்கால் மினுக்குவது பசையின் குற்றமில்லை. மேட் பெயிண்டின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் நிறைந்தது. அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ள, டெக்காலின் தெளிவான படலம் வழியே அது வெள்ளியாகத் தெரிகிறது. எனவே டெக்காலுக்கு முன் பளபளப்பான வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். ஒட்டும் இடத்தில் முதலில் மைக்ரோ செட் போன்ற ஒட்டுத் திரவம், வைத்தபின் மைக்ரோ சால் போன்ற இளக்கும் திரவம். இளக்கியபின் டெக்கால் சுருங்கி நெளியும், பயந்து கை வைக்காதீர்கள், காயும்போது தானே படிந்துவிடும். ஏற்கெனவே மினுக்கும் இடங்களில் மெல்லிய ஊசியால் அங்கங்கே குத்தி அந்த இளக்கும் திரவத்தைத் திரும்பத் தடவுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லாம் முடிந்து கடைசியில்தான் மேட் வார்னிஷ்.

ஜெர்மன் விமானங்களின் வால் சின்னமான ஸ்வஸ்திகாவைப் பற்றியும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் அதைக் காட்டுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு என்பதால் பல கிட்டுகளில் அது இரண்டு பாதியாக அச்சிடப்பட்டிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வைப்பதா வேண்டாமா என்பதை அந்த விமானத்தைக் கட்டுபவர் மட்டும் முடிவு செய்யாமல் நால்வரும் சேர்ந்து முடிவு செய்வது நல்லது, பலகை நால்வருடையது.

பழமை காட்டுவதில் நிதானம் வேண்டும். அந்தப் போரில் பல விமானங்கள் சில வாரங்கள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த தோற்றம் அவற்றுக்கு ஒட்டாது. எக்ஸாஸ்ட் புகைக்கறை, துப்பாக்கி முனைக்குப் பின்னால் கரி, இறக்கை உடலோடு சேரும் பகுதியில் விமானி ஏறும் இடத்தில் தேய்மானம், அவ்வளவு போதும். பெயிண்ட் உரிந்து அலுமினியம் தெரிவதாகக் காட்டும்போது அந்த இடம் உண்மையில் உலோகமா என்று பாருங்கள். ஹரிக்கேனின் பின்னுடல் துணி போர்த்தியது. ஸ்பிட்ஃபயரின் இறக்கைப் பின்விளிம்பில் அசையும் ஏலரான்கள் 1940-ல் துணி, சுக்கானும் துணி. அங்கே வெள்ளிப் புள்ளி வைத்தால் தவறு. பேனல் கோடுகளுக்கு வாஷ் போடும்போது கறுப்பைவிடக் கரும்பழுப்பு நன்றாக அமரும்.

பெயிண்ட் நாளுக்கு ஒரு எச்சரிக்கை: லாக்கர் வகை பெயிண்ட் என்றால் ஆவியை வெளியே தள்ளும் விசிறியும், கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள முகக்கவசமும் நால்வருக்கும் வேண்டும். தூசி மாஸ்க் இதற்கு உதவாது.

பலகையில் புல்வெளி, விமானத்தளம் என்று காட்சி அமைக்க ஆசை வரலாம். எதிரி விமானங்கள் இரண்டும் பிரிட்டிஷ் விமானங்களோடு ஒரே தளத்தில் நிறுத்தப்பட்டிருப்பது அன்று நடந்திராத காட்சி, ஆகவே ஒரே நிறத்தில் சாதாரணப் பலகையே சரி, விமானத்துக்கு முன்னால் அதன் வரிசை எண்ணும் தேதியும் மட்டும். சக்கரத்தில் நிற்கும் ஸ்பிட்ஃபயரின் ஃப்ளாப்புகளை (இறக்கையின் பின்புறம் கீழிறங்கும் மடிப்புகள்) மேலே ஏற்றியே ஒட்டுங்கள், தரையிறங்கியதும் விமானிகள் அவற்றை ஏற்றிவிடுவார்கள். மெஸ்ஸர்ஷ்மிட்டின் முன்விளிம்பு ஸ்லாட்டுகள் தாமாக நகர்பவை, தரையில் நிற்கும்போது வெளியே வந்திருக்கலாம். கிட்டில் அவை தனித் துண்டாக இருந்தால் வெளியே வந்தபடியே வையுங்கள். பலகையை வெட்டுவதைக் கடைசிக்கு விடுங்கள், நான்கு விமானமும் முடிந்து ஒரு தாளின்மேல் நிறுத்தி, இறக்கைகளுக்கிடையே மூன்று நான்கு செ.மீ. இடைவெளி விட்டுப் பார்த்த பிறகு அளவெடுங்கள்.