பூநாரை பார்க்கத் தீவுக்குப் போக வேண்டியதில்லை

கேள்வி: ஜனவரி கடைசியில் மதுரையிலிருந்து அம்மா, இரண்டு பிள்ளைகளோடு ராமேஸ்வரம் வருகிறோம். ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் வள்ளத்தில் கொண்டுபோய் மனோலித் தீவில் இறக்கிவிடுவதாகவும், பூநாரைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்றும் மண்டபத்தில் ஒருவர் சொல்கிறார். நம்பிப் போகலாமா?

போகாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அது போனது போனதுதான்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. மனோலி, முயல் தீவு எல்லாம் அதற்குள்தான் வருகிறது. அனுமதியில்லாமல் இறங்கினால் வழக்கு உங்கள் மேலும் வரும், ‘பர்மிஷன் எல்லாம் நம்ம கையில சார்’ என்றவர் அந்த நேரம் போனை எடுக்க மாட்டார். மீன்பிடி வள்ளம் ஆளேற்றுவதற்கு இல்லை. அம்மாவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

குருசடைத் தீவு மட்டும் விதிவிலக்கு. பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறையே அங்கே படகு விடுகிறது. கவனியுங்கள், குருசடைக்கு மட்டும், அதுவும் வனத்துறைப் படகில் மட்டும். ‘அதே குருசடைதான், வரிசையில நிக்காம கூட்டிப்போறேன்’ என்று எவராவது வந்தால் அது வேறு கதை. ‘குருசடைக்கு விடுகிறார்கள், பக்கத்துத் தீவுக்கு மட்டும் என்ன?’ என்று ஏஜென்ட் மடக்குவார். பக்கத்துத் தீவுக்கு விடுவதில்லை, அவ்வளவுதான். காற்று பலமாக இருந்தால் குருசடைப் படகும் ஓடாது. எந்தத் தீவுக்குப் போகலாம், எதற்குக் கூடாது, இன்று படகு உண்டா என்று படகுத்துறைக்குப் படகுத்துறை பெரிதாக ஒரு பலகை வைத்துவிட்டால் இந்த ஏஜென்ட்டுகளுக்கு வேலையே இருக்காது. அது ஏன் நடப்பதில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

சரி, பூநாரைக்கு வருவோம். தனுஷ்கோடி சாலையிலிருந்து கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் பாதையில் இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர். மழைக்காலம் முடிந்து ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் மேய்கின்றன. தனுஷ்கோடியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக 2025 ஜூனில் அறிவித்தும்விட்டார்கள். காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கானல் அடித்து எல்லாம் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். சாதாரண பைனாகுலர் போதும். காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பக்கம் கீழே இருக்கும்படி வைத்துச் சலித்துத் தின்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

தண்ணீரில் இறங்காதீர்கள். பறக்கிற போட்டோவுக்காக விரட்டிவிடும் ஆட்டோக்காரர்களும் உண்டு. பூநாரை தண்ணீர்மேல் நாலு எட்டு ஓடித்தான் எழும்ப வேண்டும், அதற்குள் மேய்ச்சல் கெட்டுவிடும்.

அப்புறம், பவளத் துண்டு விற்பார்கள். செத்த பவளம்தான், பரவாயில்லை என்பார்கள். வனவிலங்குச் சட்டத்துக்கு உயிருள்ளது, செத்தது என்ற பேதமெல்லாம் கிடையாது. கரையில் பொறுக்கினாலும் அதே சட்டம்தான், ஊருக்குக் கிளம்பும்முன் பிள்ளைகளின் பையை ஒருதரம் கொட்டிப் பார்த்துவிடுங்கள்.