சர்க்கரை குறைந்த பிறகும் சிறுநீரகம் ஏன் தேறவில்லை?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் எட்டாவது செமஸ்டரில், சிறுநீரகவியல் வார்டில் இன்டர்ன்ஷிப் செய்கிறேன். இருபது வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள ஒருவர், "சர்க்கரை இப்போது நன்றாக இருக்கிறது. இன்சுலினைக்கூட டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். நோய் குணமாகும்போது கிட்னி மட்டும் ஏன் கெட்டுக்கொண்டே போகிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. போடோசைட், மெசாஞ்சியல் செல் என்று மனப்பாடம் செய்ததெல்லாம் தேர்வோடு போய்விட்டது. பி.பி. பார்ப்பதும் ஊசி போடுவதுமான எங்கள் வேலைக்கு அந்தப் பாடம் உண்மையில் தேவையா? தேவையென்றால் வார்டில் இருந்துகொண்டே எப்படிப் படிப்பது?

பதில்: முதலில் அவருடைய இன்சுலினைப் பேசிவிடுவோம், ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இன்சுலினைச் சிதைத்து அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பகிர்ந்துகொள்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின் கல்லீரலைக் கடந்த பிறகே உடலெங்கும் போகிறது. தோலுக்கடியில் போடும் ஊசி மருந்தோ நேரே பொது இரத்த ஓட்டத்தில் கலக்கிறது. அதனால் ஊசி போட்டுக்கொள்பவரிடம் சிறுநீரகத்தின் பங்கு பெரிது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானின் அண்மைச் சுருள் நுண்குழலில் உள்ள செல்கள் அந்த இன்சுலினை உள்ளே இழுத்துச் சிதைக்கின்றன. அந்தச் செல்கள் அழிந்துவிட்டால், முன்பு போட்ட அதே அளவு மருந்து கூடுதல் நேரம் உடலில் நின்று வேலை செய்து, சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். பசியும் குறைந்திருக்கும். அவருக்கு இன்சுலின் தேவை பாதியாகக் குறைந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குணமாகிவிட்டதாக அவர் நினைப்பது, சிறுநீரகம் இன்னும் தளர்ந்துவிட்டதைக் காட்டும் செய்தி.

"சர்க்கரை நன்றாக இருக்கிறது" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பரிசோதனையை வைத்துச் சொல்கிறார் என்று பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. என்றால், அவருடைய ஹீமோகுளோபினையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் முற்றிலும் தளர்ந்தவர்களிடம் சிவப்பணுக்களின் ஆயுள் குறைகிறது. இரத்தசோகைக்கு, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசி போட்டால் இளம் அணுக்கள் பெருகுகின்றன. சர்க்கரை ஒட்டிக்கொள்ளப் போதிய நாள் கிடைக்காத அணுக்கள் அவை. அதனால் அந்த எண் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். குளுக்கோமீட்டர் அளவுகளே இங்கே நம்பகமானவை.

சரி, சர்க்கரை உண்மையிலேயே கட்டுக்குள் வந்திருந்தாலும் சிறுநீரகம் உடனே தேறாது. ஏன் என்று புரிய, செல்களுக்குள் போகத்தான் வேண்டும்.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது பெரும்பாலான செல்கள் உள்ளே விடும் அளவைக் குறைத்துக்கொள்கின்றன. இரத்தக் குழாயின் உட்சுவரிலுள்ள எண்டோதீலியச் செல்லாலும், வடிகட்டும் முடிச்சான குளோமெருலஸைத் தாங்கிப் பிடிக்கும் மெசாஞ்சியல் செல்லாலும் அப்படிக் கதவைச் சாத்த முடிவதில்லை. வெளியே எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவும் உள்ளே வந்துவிடுகிறது. அதை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து செல்லைச் சிதைக்கும், வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளிப்படுகின்றன. மெசாஞ்சியல் செல், டி.ஜி.எஃப். பீட்டா என்ற சமிக்ஞையின் தூண்டுதலால் தன்னைச் சுற்றி நார்ப்பொருளைக் கொட்டிக்கொண்டே போகிறது. நாளடைவில் அது உருண்டைகளாகத் திரண்டு நுண்குழாய்களை நெரிக்கிறது. கிம்மல்ஸ்டீல், வில்சன் என்ற இருவர் 1936-இல் விவரித்த முடிச்சுகள் இவைதான்.

அடுத்தது அழுத்தம். வடிகட்டிய சர்க்கரையை நுண்குழல் செல்கள் எஸ்.ஜி.எல்.டி.-2 என்ற வாயில் வழியாகத் திரும்ப இழுக்கும்போது உப்பையும் சேர்த்து இழுக்கின்றன. சர்க்கரை அதிகமானால் இழுக்கப்படும் உப்பும் அதிகம். கீழே மாக்குலா டென்சா என்ற காவல் செல்களுக்கு உப்பு குறைவாக வந்து சேர்கிறது. "மேலே வடிகட்டுவது போதவில்லை" என்று அவை தவறாகக் கணக்கிட்டு, இரத்தம் உள்ளே வரும் தமனியை விரிக்கச் செய்கின்றன. வெளியேறும் தமனியை ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் சுருக்குகிறது. வரத்து வாய்க்கால் அகலமாகி, வடிகால் குறுகினால் வயல் என்னவாகும்? குளோமெருலஸுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. இந்தக் கட்டத்தில், வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண் வழக்கத்தைவிட உயர்ந்தே காணப்படலாம். ரிப்போர்ட் அழகாக இருக்கும்.

அந்த அழுத்தத்தைத் தாங்குவது போடோசைட். வடிகட்டியின் வெளிப்புறத்தை விரல் கோத்ததுபோல் கவ்விக்கொண்டிருக்கும் செல் இது. நீங்கள் நினைவில் வைக்க ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் முதிர்ந்த போடோசைட் மறுபடி பிரிந்து பெருகுவதில்லை. கழன்றது சிறுநீரோடு போய்விடும். மிஞ்சியவை தங்களை விரித்துக்கொண்டு இடைவெளியை மூடப் பார்க்கும், முடியாதபோது அவையும் கழலும். அந்த ஓட்டை வழியாக அல்புமின் என்ற இரத்தப் புரதம் ஒழுகுகிறது. ஒழுகிய அல்புமினை உள்ளிழுத்து நுண்குழல் செல்களும் நோகின்றன, சுற்றிலும் தழும்பு படிகிறது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். அழிந்தவற்றின் சுமையும் மிஞ்சியவற்றின் மேல் ஏறுவதால், சர்க்கரை குறைந்த பிறகும் தேய்மானம் தொடர்கிறது.

1998-இல் வெளியான ஓர் ஆய்வை என் மாணவிகளிடம் அடிக்கடி சொல்வேன். கணைய மாற்று சிகிச்சையால் சர்க்கரை முற்றிலும் இயல்புக்கு வந்த 8 பேருடைய சிறுநீரகத் திசுவைப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்தும் பழைய சேதம் அப்படியே இருந்தது. பத்தாம் ஆண்டில்தான் வடிகட்டியின் தடித்த சவ்வும் மெசாஞ்சியத் திரட்சியும் குறைந்து காணப்பட்டன. அதுவும் சிறுநீரகச் செயலிழப்பு வராத நிலையில் இருந்தவர்களுக்கு.

இனி உங்கள் வார்டு வேலைக்கு வருவோம். நீங்கள் கொடுக்கும் ராமிப்ரில், லோசார்டன் மாத்திரைகள் ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுத்து, வெளியேறும் தமனியைத் தளர்த்துகின்றன. டாபாகிளிஃப்ளோசின் போன்றவை எஸ்.ஜி.எல்.டி.-2 வாயிலை அடைத்து, உள்வரும் தமனியின் விரிவைக் குறைக்கின்றன. இரண்டும் வடிகட்டியின் அழுத்தத்தை இறக்குவதால், தொடங்கிய சில வாரங்களில், சிறுநீரகம் கழிக்க வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் சற்று ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. பொட்டாசியம் அளவைச் சேர்த்துச் சொல்லி மருத்துவருக்குத் தெரிவியுங்கள். நோயாளிக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால் மட்டும், அடுத்த வேளை மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவரின் சிறுநீரில் சர்க்கரை பெரும்பாலும் மூன்று, நான்கு பிளஸ் காட்டும். மருந்து வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிவிடக் கூடாது. அவர் வாந்தியும் மூச்சிரைப்புமாக இருந்தால், இரத்தச் சர்க்கரை அதிகமில்லாவிட்டாலும், கொழுப்பு எரிவதால் சேரும் கீட்டோன் அமிலத்தைப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பட்டையில் அல்புமின் "இல்லை" (nil) என்று வந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது, தொடக்க நிலைக் கசிவு அதில் தெரியாது. அல்புமின்–கிரியாட்டினின் விகிதம்தான் தேவை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி. அல்புமின் என்பது எல்லை. அதிகாலை முதல் சிறுநீர் சிறந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாள்களில் எடுத்தால் எண் தவறும்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரையைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள், உள்வரும் தமனியைத் திறந்துவைக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கின்றன. ராமிப்ரில் எடுப்பவரிடம் அது வடிகட்டலைச் சரசரவென்று இறக்கிவிடும். மருத்துவரிடம் மறைப்பதை நோயாளிகள் ஊசி போட வரும் பெண்ணிடம் சொல்லிவிடுவார்கள். அந்த நம்பிக்கையை நீங்கள் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. இவர்களில் பலருக்குப் பின்னாளில் டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா தேவைப்படும். முன்கைச் சிரையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழல்) குத்தாதீர்கள், புறங்கைச் சிரையைத் தேடுங்கள். குத்திக் குத்தி முன்கைச் சிரையெல்லாம் அடைத்துப்போய், ஃபிஸ்டுலாவுக்கு இடமில்லாமல் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தாங்க முடியாத காட்சி அது.

படிப்பதற்கு, ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு நெஃப்ரான் வரைந்துகொள்ளுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம். அவருடைய ஒவ்வொரு மருந்தையும் ஒவ்வொரு பரிசோதனை எண்ணையும் எந்த இடத்தைத் தொடுகிறதோ அங்கே எழுதுங்கள். எங்கும் பொருத்த முடியாதது எதுவோ, அதுதான் மறுநாள் ரவுண்ட்ஸில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. முடிந்தால் நோய்க்கூறியல் துறையில் அனுமதி வாங்கி, சர்க்கரை நோய்ச் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பத்து நிமிடம் பாருங்கள். இளஞ்சிவப்பு உருண்டைகளை ஒருமுறை கண்டுவிட்டால் மெசாஞ்சியல் செல்லை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

உங்கள் நோயாளியிடம் இப்படிச் சொல்லலாம்: "ஐயா, ஊசி மருந்தைக் கழிப்பதும் கிட்னியின் வேலை. அது தளர்ந்திருப்பதால் மருந்து உடம்பில் அதிக நேரம் நிற்கிறது, அதனால்தான் டாக்டர் குறைத்திருக்கிறார். பல வருடச் சர்க்கரையால் வந்த சேதம் சில மாதத்தில் ஆறாது. இருக்கிற கிட்னியை இன்னும் பல வருடம் ஓட்டத்தான் இந்த மாத்திரைகள். சாப்பிடாமல் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்." இதை அவருடைய மனைவியோ மகனோ உடன் இருக்கும்போது சொல்லுங்கள். இரவு 2 மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கலாமா என்று பணி மருத்துவரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.