முதல் வார வசூலை ஒரு தியேட்டர்காரர் எப்படிப் படிப்பது?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் ஒற்றைத் திரை அரங்கைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். பெரிய நடிகரின் படத்தை அதிக விலைக்கு எடுத்தேன். மூன்றே நாளில் இத்தனை கோடி என்று போஸ்டர் வந்தது. திங்கட்கிழமை என் தியேட்டரில் ஆளில்லை. பக்கத்து ஊரில் ஒரு சின்னப் படம் மூன்றாவது வாரம் ஓடுகிறது. எந்தப் படம் எதிர்பார்ப்பை மீறி ஓடும் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா?

பதில்: ரிலீஸுக்கு முன்னால் உறுதியாக அறிய வழியில்லை. தெரியும் என்று யார் சொன்னாலும் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆனால் ஞாயிறு இரவுக் காட்சி முடிவதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கான தகவல் உங்கள் டி.சி.ஆரிலேயே (தினசரி வசூல் கணக்கு) இருக்கிறது.

போஸ்டரில் போடும் கோடி பெரும்பாலும் உலக அளவிலான கிராஸ், அதாவது எதையும் கழிக்காத மொத்த வசூல். வெளிநாடு, பிற மாநிலம், வரி எல்லாம் அதில் அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; உள்ளாட்சி கேளிக்கை வரி தனி. இவற்றைக் கழித்த பிறகுதான் விநியோகஸ்தருக்கும் உங்களுக்கும் பங்கு. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு இருப்பதால், ஓப்பனிங்கைப் பெரிதாகக் காட்ட முக்கிய வழி ஏகப்பட்ட ஸ்கிரீனில் போடுவது. பக்கத்துப் பக்கத்து ஊர் எல்லாவற்றிலும் அதே படம் ஓடினால், பார்க்க நினைத்தவர்கள் மூன்று நாளில் பார்த்து முடித்துவிடுவார்கள். உங்கள் தியேட்டரில் நடந்தது அதுதான்.

கோடியை விட்டுவிட்டு, டிக்கெட் எண்ணிக்கையை நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். முதல் படம் வெள்ளி 1,400, சனி 1,150, ஞாயிறு 1,200, திங்கள் 350 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது படம் வெள்ளி 450, சனி 700, ஞாயிறு 1,000, திங்கள் 480. நான்கு நாள் மொத்தத்தில் முதல் படம் வெகுதூரம் முன்னே நிற்கிறது. ஆனால் இரண்டாவது படத்துக்கு, வேலை நாளான திங்கட்கிழமை, ரிலீஸ் நாளைவிட அதிகம் பேர் வந்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் வெளியே போய் நல்லபடியாகப் பேசியிருக்கிறார்கள். அந்தப் படத்தை வெள்ளிக்கிழமை தூக்காதீர்கள்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால், வெள்ளி மேட்னியையும் அன்றிரவுக் காட்சியையும் ஒப்பிடுங்கள். பிறகு ஞாயிறு ஃபர்ஸ்ட் ஷோவுக்கு, அதாவது மாலைக் காட்சிக்கு, கவுன்டர் அருகில் நின்று, ஆறு பேர், எட்டுப் பேர் என்று குடும்பமாக டிக்கெட் வாங்குகிறார்களா என்று கவனியுங்கள். ரசிகர் கூட்டம் முதல் நாளே வந்துவிடும். குடும்பங்கள் விசாரித்துவிட்டுத்தான் வரும். வர ஆரம்பித்தால் இரண்டு வாரம் நிச்சயம்.

2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’வுடன் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. புது இயக்குநர், சசிகுமார், சிம்ரன், குறைவான காட்சிகள். முதல் நாளைவிட அடுத்தடுத்த நாட்களில் கூட்டம் கூடி, காட்சிகளும் கூடின. 2024 பிப்ரவரி 22 அன்று வந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ இன்னும் பெரிய பாடம். மலையாளத்திலேயே வெளியாகி, தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல் வசூலித்தது. பிப்ரவரி, மார்ச் பரீட்சைக் காலம் என்பதால் பெரிய படங்கள் ஒதுங்கியிருந்தன, போட்டி இல்லை. கதை நடப்பது கொடைக்கானல் குணா குகையில். வசனத்தில் கணிசமான பகுதி நமக்குப் புரிகிற தமிழ். ‘கண்மணி அன்போடு’ பாட்டு வரும் இடத்தில் அரங்கமே கைதட்டியது, அதை வீட்டு டி.வி.யில் அனுபவிக்க முடியாது. ஓடிடிக்கும் மே 5-இல்தான் வந்தது. நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும் படத்துக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால், நல்ல படங்கள் பல வாய்ப்பே இல்லாமல் போவது இதனால்தான்.

இனி பணம். மினிமம் கேரண்டியில், அதாவது வசூல் எவ்வளவானாலும் திரும்ப வராத தொகையை முன்பே கட்டி எடுத்தால், நஷ்டம் முழுக்க உங்கள் தலையில். சதவீத அடிப்படையில் கேளுங்கள். முடியாவிட்டால், மீதி திரும்ப வரும் அட்வான்ஸ் என்று எழுத்தில் வாங்குங்கள். பெரிய படத்துக்கு முதல் வார வசூலில் 70 சதவீதமோ அதற்கு மேலோ விநியோகஸ்தர் கேட்பார். வாரம் போகப் போக உங்கள் பங்கு உயரும். அதனால் இரண்டாவது, மூன்றாவது வாரம் பாதி அரங்கு நிறைந்தாலே, ஹவுஸ்ஃபுல்லான முதல் வாரத்துக்கு இணையாக உங்கள் கையில் நிற்கலாம். கேன்டீன் வருமானத்தில் விநியோகஸ்தருக்குப் பங்கு இல்லை. குடும்பங்கள் வரும் படத்தில்தான் அது நன்றாக நடக்கும்.

எண்ணிக்கையை ஊரின் நாட்காட்டியோடு சேர்த்துப் படியுங்கள். முகூர்த்த ஞாயிறில் மேட்னி காலியாக இருந்தால் படத்தின் குற்றமில்லை. ஐ.பி.எல்.லில் சென்னை ஆடும் இரவும் அப்படித்தான். சனிக்கிழமை கூலி கைக்கு வரும் ஊர் என்றால், சனி இரவுக் கூட்டத்தை மட்டும் வைத்துப் படம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்த வெள்ளிக்குப் பெரிய படம் ஒப்பந்தமாகியிருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் சின்னப் படத்துக்கு ஒரு காட்சி விடும்படி திங்கள் மாலையே விநியோகஸ்தரிடம் பேசுங்கள். காலைக் காட்சியைக் கொடுத்துச் சமாளிக்கப் பார்ப்பார். ஃபர்ஸ்ட் ஷோவைக் கேளுங்கள். செவ்வாய் தாண்டினால் எம்.ஆர். ஏரியா (மதுரை-ராமநாதபுரம் விநியோகப் பகுதி) முழுக்கச் சார்ட்டிங், அதாவது எந்த அரங்கில் எந்தப் படம், எத்தனை காட்சி என்று பிரிப்பது, முடிந்திருக்கும்.