ராணுவ உபரி பூட் வாங்கலாமா? தோலை அப்புறம் பாருங்கள், முதலில் அடியிலுள்ள சோலைப் பாருங்கள்

ராணுவ உபரி பூட், அதாவது ராணுவம் தேவையில்லை என்று கழித்துவிட்டது, வாங்கலாம். "ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா, காலைக் கடிக்காமல் எப்படிப் பழக்குவது" என்று மட்டும் கேட்டிருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன். கூடவே "ஆர்மி பூட் என்றால் ஆயுசுக்கும் உழைக்குமாமே" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவு நீளம்.

நீங்கள் அநேகமாக புல்லட் ஓட்டுகிறவர், இல்லை மலையேறக் கிளம்புகிறவர். ஐரோப்பிய ராணுவ பூட் ஒன்றின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழே "பழைய இருப்பு, ஒரு முறைகூடப் போடாதது" என்று எழுதியிருக்கும். பயப்பட வேண்டியதே அந்த வரிக்குத்தான்.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. "போட்டு அணிவகுத்தவனுக்குத்தான் தெரியும்" என்று எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். நான் ஆம்பூர்க்காரன். அப்பா வாழ்நாளில் பாதியைத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், கழித்தவர். நானும் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் இருந்துவிட்டுத்தான் இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் படிக்கப் போனேன். படிப்பு பகலில், ராத்திரியில் கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை. (கிடங்கு என்றால் இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூ கட்டாயமாயிற்றே என்று கேட்பீர்கள். நாங்கள் இருந்த பகுதியில் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் உபரி பூட்டைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.)

இது 2014 குளிர்காலம். அதற்கு 2 வருடம் முன்னால் பிரிட்டிஷ் ராணுவம் கறுப்பு பூட்டை அணிவகுப்பு மாதிரியானவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, களத்துக்குப் பழுப்பு பூட் என்று அறிவித்திருந்தது. உபரிக் கடைகளில் கறுப்பு பூட் குவிந்து கிடந்தது. அறைத்தோழன் மதுரைப் பையன், என்னைவிடச் சின்னவன். இருவருமாக ஒரு கடைக்குப் போனோம்.

நான் எடுத்தது பிரிட்டிஷ் பூட். தோலில் கீறல், யாரோ போட்டுத் தேய்த்தது, கெட்டி ரப்பர் சோல், கல் மாதிரி கனம். அவன் எடுத்தது வேறொரு நாட்டு பூட். தோல் பளபளவென்று இருந்தது, சோல் மெத்தென்று இருந்தது, அட்டைகூடக் கழற்றவில்லை. அதை அவன் கையிலிருந்து வாங்கி வளைத்துப் பார்த்தேன். சோல் வளைகிற இடத்தில் மயிரிழை போல வெடிப்பு. கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன், பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. பாலியூரிதேன், நுரை மாதிரியான ஒருவகை பிளாஸ்டிக்.

"வேண்டாம்டா, இது செத்துப்போன சோல்."

"அண்ணே, புதுசுண்ணே. ஒருத்தன் காலுகூட உள்ள போகல."

"அதனாலதான் சொல்றேன்."

கடைக்காரர் என்னை முறைத்தார். பையன் வாங்கிவிட்டான். முதல் வாரம் முழுக்க என் பூட்டைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் ஒரு ராத்திரி வேலைக்கு நடுவில், மேற்பார்வையாளர் துடைப்பத்தோடு தரையில் கிடந்த கறுப்புத் துணுக்குகளைப் பின்தொடர்ந்து வந்தார். வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்தவர் இவன் காலடியில் வந்து நின்றார். குதிகால் பாதி காணோம். காலையில் வீடு திரும்பும்போது வலது சோல் முழுசாகக் கழன்று பேருந்து நிறுத்தத்தில் கிடந்தது. தோல் அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

காரணம் எளிமையானது. ஷூவுக்குப் போடும் பாலியூரிதேனில் பெரும்பாலானவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, உள்ளே பிணைப்பு அறுந்து, மெல்ல மெல்லப் பொடியாகும். போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். வெப்பமும் ஈரமும் கூடினால் வேகம் கூடும். சென்னையில் பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப் பரணில் போட்டால் கேட்கவே வேண்டாம். ரப்பர் சோலும் காலப்போக்கில் இறுகும், வெடிக்கும், ஆனால் இப்படிப் புட்டு மாதிரி உதிராது. அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, சோல் எதனால் ஆனது, எந்த வருடம் செய்தது. பல பூட்டுகளில் வருடம் உள்ளேயே அச்சடித்திருக்கும். அடிப்பக்கத்தையும் பக்கவாட்டையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "தோல் சூப்பரா இருக்கு சார்" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு அடையாளம், நேட்டோ நாட்டு பூட் என்றால் 13 இலக்கப் பொருள் எண். 8430 என்று தொடங்கினால் ஆண்கள் காலணி. அடுத்த இரண்டு இலக்கம் நாடு: 99 பிரிட்டன், 12 ஜெர்மனி. நம் ஊரில் "ஆர்மி பூட்" என்று தொங்குவதில் பாதிக்கு மேல் எந்த ராணுவத்துக்குள்ளும் போய் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது மோசமான பூட் என்று சொல்லவில்லை. உபரி என்று விலை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆயுசுக்கும் உழைக்கும் என்கிறவர்களுக்கு ஒன்று. 1982 ஃபாக்லாந்து போருக்குப் பிரிட்டிஷ் வீரர்கள் போட்டுப் போனதும் ராணுவ பூட்தான். கணுக்கால் உயரமே உள்ள டிஎம்எஸ் பூட், அதாவது சோலை நேரே மேல்தோலோடு வார்த்தது. அந்தச் சேற்றிலும் குளிரிலும் தண்ணீர் உள்ளே புகுந்து, பாதம் நாள் கணக்கில் ஊறி, மரத்து, வீங்கி, நடக்க முடியாமல் போனவர்கள் ஏராளம். உயரமான பூட் அதற்குப் பிறகுதான் வந்தது. ராணுவம் வாங்குகிறது என்பதாலேயே ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடாது.

அளவு. பிரிட்டிஷ் பூட்டில் எண்ணோடு அகலத்துக்கு ஓர் எழுத்து இருக்கும், M என்றால் நடுத்தரம். 270 போன்ற எண் இருந்தால் அது பாதத்தின் நீளம், மில்லிமீட்டரில். சாயங்காலம் தாளில் நின்று, குதிகாலிலிருந்து நீண்ட விரல் வரை அளந்து பாருங்கள். செருப்பிலேயே வளர்ந்த காலுக்கு விரல் பக்கம் அகலம் அதிகம். நீளம் சரியாக இருந்து அகலம் இறுக்கினால், நீளத்தைக் கூட்டி வாங்காதீர்கள், குதிகால் ஆடி ஆடித்தான் கொப்புளம் வரும். அகலமான அளவைத் தேடுங்கள்.

பழக்குவது பற்றி இணையத்தில் சொல்வதெல்லாம் வீர சாகசம். தண்ணீரில் ஊறவைத்துக் காயும்வரை போட்டுக்கொண்டு நட, சூடான கரண்டியால் தேய் என்பார்கள். கரண்டி வித்தை, தோலின் பொரிப்பொரியான மேடுகளை மழுங்கடித்துக் கண்ணாடி போல பாலிஷ் ஏற்ற வீரர்கள் செய்தது, மிருதுவாக்க அல்ல. நீங்கள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தால் போதும். உள்ளே மெல்லிய சாக்ஸ், மேலே தடித்த கம்பளி சாக்ஸ். உராய்வு இரண்டு சாக்ஸுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். லேஸ் கோர்க்கிற மேல் கண்ணிகளைத் தளர்த்தி, கணுக்கால் வளைவில் மட்டும் இறுக்கிக் கட்டுங்கள். குதிகால் பின்னால் உள்ள விறைப்புத்தான் கடைசியாக இளகும், அங்கே முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம். எலும்பில் இடித்தால் அது பழகாது. திருப்பிக் கொடுங்கள்.

நனைந்தால் தாளை உள்ளே திணித்து நிழலில் காயவிடுங்கள். ஹீட்டர், ஹேர் டிரையர், மொட்டைமாடி வெயில் எதுவும் வேண்டாம். அப்பா குரோம் உப்பால் பதனிட்ட தோல் துண்டைக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பார், நல்ல தோல் தாங்கும். ஆனால் அது தோல் சரியாகப் பதனிட்டிருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பூட்டை அடுப்படியில் வைத்தால் உள்ளிருக்கும் கொழுப்பு வறண்டு தோல் விறைத்துவிடும்.

அழுக்கைத் துடைத்து, பிரஷ் போட்டு, கொஞ்சம் கிரீம், மேலே மெழுகு பாலிஷ். தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று சொன்னால் அம்மாக்கள் நம்புவதில்லை. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். லெஸ்டர் குளிரில் எங்கள் தெருவில் ஒருவருடைய பூட் விபூதி பூசியது போல இருந்தது. சென்னையில் உறையாது, ஆனால் தூசியை இழுக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் வெளியே கொண்டுபோய்த் துடைத்துவிட்டுக் காற்றாட வையுங்கள்.

காற்றாட வையுங்கள் என்று எழுதும்போதே கோபம் வருகிறது. எங்கள் அடுக்ககத்தில் வாசலுக்கு வெளியே பூட் வைத்தால் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் படத்தோடு அறிவிப்பு வரும். மூன்றாவது மாடியில் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி அட்டை, உடைந்த நாற்காலி எல்லாம் நடைபாதையில் இருக்கலாம், என் பூட் மட்டும் "பார்க்கச் சகிக்கவில்லை". இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்காரர்கள் தங்கள் கால்பந்து அணியையே "காப்லர்ஸ்", அதாவது செருப்புத் தைக்கிறவர்கள், என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் ஊரே பூட் தைத்து வளர்ந்தது. ஆம்பூரும் அப்படி வளர்ந்த ஊர்தான். இங்கே தோல் ஷாப்பில் அப்பா வேலை பார்த்தார் என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் மூக்கு ஒரு நொடி சுருங்குகிறது, அவர் காலிலும் தோல் ஷூதான். சரி, இதை நீங்கள் கேட்கவில்லை.

ஏற்கெனவே பாலியூரிதேன் பூட்டை வாங்கிவிட்டீர்கள், மேல்தோல் நன்றாக இருக்கிறது என்றால் தூக்கி எறிய வேண்டாம். வெல்ட், அதாவது மேல்தோலையும் சோலையும் இணைக்கிற விளிம்புப் பட்டை, வைத்துத் தைத்த பூட் என்றால் சோலை மாற்றுவது எளிது. வார்த்து ஒட்டியது என்றால் பழையதைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டு ரப்பர் சோல் ஒட்டித் தைக்க வேண்டும், எல்லோரும் செய்ய மாட்டார்கள். சென்னையில் தோல் கடைகள் உள்ள பெரியமேட்டுப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள், பூட் வாங்கிய விலையைத் தாண்டினாலும் தாண்டும்.