டிசம்பர் லீவில் சர்ஃபிங் செய்ய அறுகம்பை போகலாமா? இலங்கைக்கு எந்த மாதம் நல்லது?

சென்னைப் பக்கம் கோவளத்தில் சில வகுப்புகளுக்குப் போயிருக்கிறீர்கள், போர்டில் எழுந்து நிற்க வருகிறது, டிசம்பர் லீவில் அறுகம்பை போகலாமா என்று கேட்கிறீர்கள். டிசம்பரில் அறுகம்பை வேண்டாம். தெற்கே வெலிகமவுக்குப் போங்கள். நான் கிழக்கு மாகாணத்துக்காரன், அறுகம்பை மேல் எனக்குப் பாசம் அதிகம். அதைத் தப்பான மாதத்தில் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று நீங்கள் திரும்பிப் போகக் கூடாது.

இலங்கை சின்னத் தீவுதான், ஆனாலும் இங்கே இரண்டு சீசன். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. காலி, ஹிக்கடுவ, மாத்தறைப் பக்கம் அது கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் இறங்கும்போது அதே காற்று காய்ந்துபோய், கரையிலிருந்து கடலுக்கு வீசும். கச்சான் என்போம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்று வந்ததும் எல்லாம் தலைகீழ். கிழக்கில் மழையும் கலங்கிய கடலும், தெற்கில் வெயிலும் சீரான அலையும்.

கரையில் நின்று பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கடல்காற்று பின்னாலிருந்து தள்ளும் அலை சீக்கிரமே நுரைத்து, அங்கங்கே உடைந்து சரிந்துவிடும். காற்று கரையிலிருந்து எதிர்த்து வீசினால் அலை நிமிர்ந்து நிற்கும். உச்சியிலிருந்து சிதறும் துளிகள் கடலை நோக்கிப் பின்னால் பறக்கும். அப்புறம் ஒரு முனையில் தொடங்கி வரிசையாக மடிந்துகொண்டே வரும். போர்டைத் திருப்பிப் பக்கவாட்டில் ஓட அந்தச் சுவர்தான் வேண்டும்.

நல்ல அலை எழுவது இந்தப் பருவக்காற்றால் இல்லை. இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில், அண்டார்க்டிக்கா பக்கம் அடிக்கும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கே வருகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம், புயல்களுக்குப் பலம் அதிகம். அறுகம்பைக்குப் பெரிய அலையும் சாதகமான காற்றும் ஒன்றாகச் சேர்வது அப்போதுதான். டிசம்பரில் அங்கே கோடை என்பதால் தெற்குக் கரைக்கு வரும் அலையும் அடங்கியே இருக்கும். பழகுகிற உங்களுக்கு அதுவே தோது.

வெலிகம விரிந்த வளைகுடா, அடியில் மணல், விழுந்தாலும் பயமில்லை. கடற்கரை முழுக்க சாஃப்ட் போர்டு, அதாவது பழகுபவர்களுக்கான மெத்தென்ற போர்டு, வாடகைக்குக் கிடைக்கும். கொழும்பிலிருந்து மாத்தறை போகும் ரயில் அங்கே நிற்கும். கொஞ்சம் தேறியதும் பக்கத்திலேயே மிதிகம, அஹங்கம இருக்கின்றன. அங்கே அடியில் பாறை, அதனால் தெரிந்த ஆள் ஒருவரோடு இறங்குங்கள். எங்கே இறங்கினாலும் விடிந்ததும் இறங்குங்கள். முற்பகல் தாண்டினால் கடல்காற்று கிளம்பிவிடும்.

அக்டோபர் கடைசியும் நவம்பரும் நம்ப முடியாத காலம். பருவம் மாறும் நேரம், தீவு முழுக்க மழை, வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் வேறு. டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

அறுகம்பைக்கு அடுத்த வருஷம் வாருங்கள். பலரும் ஜூலை, ஆகஸ்ட் என்பார்கள். அது நன்றாக ஓடத் தெரிந்தவர்களுக்குச் சரி. அங்கே முக்கியமான அலை எழும் இடமான மெயின் பாயின்டில் அடியில் பாறை, அலை வேகம், வரிசையில் கூட்டம். நீங்கள் அங்கே போய் மாட்டிக்கொண்டால் உங்களுக்கும் சிரமம், பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து. ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் வந்தால் அலை சின்னது, கூட்டமும் குறைவு. பேபி பாயின்டில் தொடங்கி, பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பாயின்டுக்கு ஆட்டோவில் போகலாம். சித்திரைப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிருங்கள், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது.

ஜூலையில்தான் வர முடியும் என்றால், தெற்கே உகந்தை வரை ஒருமுறை போய்வாருங்கள். முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே சர்ஃபிங் செய்யும் கடற்கரை. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அங்கிருந்துதான் குமண காட்டுக்குள் இறங்குவார்கள். அந்த வழியில் யானை நடமாட்டம் உண்டு, அதனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். களப்புகளில், அதாவது கடலோர உப்பங்கழிகளில், முதலை இருக்கிறது, குளிக்க இறங்காதீர்கள்.