பாடகரோட அரசியல் பிடிக்கல, பாட்டு மட்டும் பிடிக்குது

ப்ரோ, காலேஜ்லேந்து தி ஸ்மித்ஸ்ங்கற இங்கிலாந்து ராக் பேண்ட கேட்டு வளந்துட்டு இப்ப அதோட பாடகர் மாரிஸியோட அரசியல் தெரிஞ்சதுக்கப்புறம் பாட்ட போட்டாலே உறுத்துது, ரூம்மேட் வேற "இன்னுமா இவன கேக்குற"ன்னு குத்துறான்னு எழுதியிருந்தீங்க. உறுத்தத்தான் செய்யும். ஒத்துவராத ரெண்டு நெனப்ப ஒரே மண்டைல வச்சிருக்குற அவஸ்தைய பத்தி லியான் ஃபெஸ்டிங்கர்ங்கற உளவியலாளர் 1957லயே புக்கு எழுதிட்டாரு, அத தணிக்க நாம ஒன்னு பாடகர் அப்படி சொல்லவேயில்லன்னு சாதிப்போம், இல்லனா பாட்டே மொக்கதான்னு ப்ளேட்ட மாத்துவோம், ரெண்டும் டுபாக்கூர்.

2019ல மாரிஸி ஃபார் பிரிட்டன்ங்கற தீவிர வலதுசாரி கட்சியோட பேட்ஜ குத்திக்கிட்டு அமெரிக்க டிவில பாடினாரு, அத மறைக்க முடியாது. ஆனா பேண்ட் அவரு ஒருத்தரோட சொத்தா? இசை அமைச்சது கிட்டாரிஸ்ட் ஜானி மார், 2010ல அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் ஸ்மித்ஸ் ரசிகர்னு சொல்லிக்கிட்டப்போ "உங்களுக்கு பிடிக்கக்கூடாது"ங்கற மாதிரி ட்விட்டர்ல தடை போட்டு கலாய்ச்ச மனுஷன். பேண்டும் 1987லயே கலைஞ்சிடுச்சு.

நான் பழைய ரெக்கார்ட கேக்குறேன், மாரிஸி சோலோவுக்கு மட்டும் காசு தர்றதில்ல, இது என் கணக்கு, உங்களுது வேறயா இருக்கலாம்.

ரூம்மேட்கிட்ட ஒன்னு கேளுங்க: எம்ஜிஆர் கட்சி மொதமொதல்ல ஆட்சியில உக்காந்ததே 1974ல நம்ம பாண்டிலதான், அந்த கட்சிக்கு ஓட்டு போடாதவங்க வீட்லல்லாம் அவர் பாட்டு ஓடலையா என்ன? (பாண்டிக்கு பக்கத்துல இருக்குற கடலூர்க்காரரான உங்களுக்கு இத சொல்லவே வேணாம்.)

ஜானி மார் சோலோ ஆல்பம் கேட்டிருக்கீங்களா? இல்லன்னா இந்த வாரம் அங்கேந்து ஆரம்பிங்க.