வாசகர் கேள்வி: மெக்ரிட்சி காட்டில் நடக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் கணவரும் செல்லவிருக்கிறோம். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டின் தொங்குபாலத்தில் நடக்க ஆசை. எனக்கு 62 வயது. முழங்காலில் இலேசான வலி உண்டு. குரங்குகள் என்றால் பயம். போகலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் முதல் நாளே பாலத்தை நோக்கிப் புறப்படாதீர்கள். 2004-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 250 மீட்டர்தான் என்றாலும், நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து அங்கே போய்த் திரும்புவதற்குச் சுமார் 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாலம் ஒருவழிப் பாதை என்பதால் ஏறியபின் வந்த வழியே திரும்ப முடியாது. கடந்த பிறகு வரும் மரப்படிகள்தான் முழங்காலைச் சோதிப்பவை.

முதலில் நீர்க்கரையை ஒட்டிப் பலகை பாவிய செம்பராய்ப் பாதையில், காலை வெயில் ஏறுமுன் மெதுவாக நடந்து பாருங்கள். ஏறத்தாழ சமதளமான அப்பாதையில் ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் அடர்ந்த மரங்களுமாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தின் குடிநீருக்காக இந்த நீர்த்தேக்கத்தை அமைத்தவர்கள் சுற்றியுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காத்ததால்தான், இவ்வளவு நெருக்கமான நகரத்தின் நடுவே இந்தக் காடு இன்றும் நிற்கிறது; என்னைப் பொறுத்தவரை பாலத்தைவிடப் பெரிய அதிசயம் அதுவே. கரையோரத்தில் பெரிய நீர் உடும்புகளைக் காணலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் துடுப்புவால் கரிச்சானையும் இங்கே பார்க்க வாய்ப்புண்டு. அடிமரங்களையும் கவனியுங்கள்: பகலில் பட்டையின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கொலுகோ என்ற சறுக்கிப் பறக்கும் விலங்கு, அவசரமாக நடப்பவர் கண்ணில் படுவதே இல்லை.

குரங்குகள் நீண்ட வால் கொண்டவை. உணவைத் தேடித்தான் அணுகுகின்றன. கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் அதில் தின்பண்டம் இருப்பதாகவே எண்ணும். எல்லாவற்றையும் மூடிய முதுகுப்பையில் வைத்து, கண்ணோடு கண் பார்க்காமல், ஓடாமல் நடந்துவிடுங்கள். அவற்றுக்கு உணவு கொடுப்பது அங்கே சட்டப்படி குற்றம்.

கால் ஒத்துழைத்தால் இன்னொரு நாள், தொலைவு குறைவான வீனஸ் டிரைவ் வழியாகப் பாலத்துக்குச் செல்லுங்கள். கட்டணமில்லை, பொது விடுமுறை அல்லாத திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். வழுக்காத காலணியும் போதிய குடிநீரும் அவசியம். பிற்பகலில் இடிமழை திடீரென வரக்கூடும் என்பதால் நண்பகலுக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.